கேப்டன் பரணியின் அப்பா

குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் வரும் அந்த ஊரில், கல்யாணமோ காதுகுத்தோ எது நடந்தாலும் பந்தி விசாரிக்க முனிவேலைத்தான் கூப்பிடுவார்கள். பரிமாற ஆள் கிடைப்பார்கள். விசாரிக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் இலையிலிருந்து கடைசி இலை வரை போக வேண்டும். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு நொடியாவது நின்று, “ரசம் வந்துச்சா? பாயசம் இன்னொரு கரண்டி?” என்று கேட்க வேண்டும். “என்னய்யா சாம்பாரு, தண்ணியாட்டம் இருக்குது” என்று ஒருவன் முகத்துக்கு நேராகச் சொன்னாலும், “அடுத்த வாளி கெட்டியா வருது, இருங்க” என்று சிரித்துக்கொண்டே நகர வேண்டும். முப்பது வருஷமாக அந்த வேலையில் முனிவேலை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு இலையைக்கூட அவர் பார்க்காமல் தாண்டிப் போனது கிடையாது.

இந்தப் பழக்கம்தான் அவருடைய மகளின் கேப்டன் பதவிக்கே உலை வைக்கப் பார்த்தது.

கேப்டன் என்றால் விண்வெளிக் கப்பலுக்குக் கேப்டன். “துருவன்” என்று ஒரு தொடர் யூடியூபில் ஏழு வருஷமாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் புது எபிசோடு. பூமியை விட்டுக் கிளம்பிய துருவன் என்ற கப்பலும் அதிலுள்ள நாற்பது பேரும் வேறொரு சூரியனைத் தேடிப் போகிற கதை. எடுப்பது பெரிய கம்பெனி எதுவும் இல்லை. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்கள், வார விடுமுறையில் சேர்ந்து எடுக்கிறார்கள். கப்பலின் உள்பக்கம் ஓசூர் எல்லையில் ஒரு ஷெட். சுவர் தெர்மோகோல், மீட்டர்கள் எல்லாம் பழைய இரும்புக் கடையில் பொறுக்கியவை. வேற்றுக் கிரகம் வேண்டுமென்றால் பர்கூர் பக்கம் கைவிட்ட கிரானைட் குவாரிக்குள் இறங்கிவிடுவார்கள். இயக்குநர் ரத்தினவேல், கோவில்பட்டிக்காரர், ஒரு தொழிற்சாலையில் அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமில் பதினைந்து வருஷ அனுபவம். முதல் எபிசோடை முந்நூறு பேர் பார்த்தார்கள். இன்றைக்கு மூன்று லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள். இலங்கையிலும் கத்தாரிலும்கூட ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆறு வருஷமாகக் கேப்டன் ஆதவனாக நடித்தவர் சுரேந்தர். ஆறடி உயரம், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல். அவருக்குப் புனேவுக்கு மாற்றல் ஆகிவிட்டது. அதனால் கதையில் கேப்டன் ஆதவன் கருந்துளைக்குள் விழுந்து காணாமல் போனார். அவருடைய நாற்காலியில், அதுவரை எபிசோடுக்கு ஒரு வசனம் மட்டும் பேசிக்கொண்டிருந்த இரண்டாம் இன்ஜினியர் பரணி உட்கார்ந்தாள்.

பரணியாக நடிப்பவள் மேகலா, முனிவேலின் ஒரே மகள். பர்கூர் அரசு இன்ஜினியரிங் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவள். முனிவேல் வழியிலும் சரி, அவர் மனைவி வெள்ளையம்மா வழியிலும் சரி, ஏழு தலைமுறை தேடினாலும் அவளுக்கு முன்னால் ஒரு பட்டதாரி கிடையாது. தாலுக்கா ஆபீசில் வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழை முனிவேல் லேமினேட் செய்து டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார். பட்டத்தைவிட அதுதான் அவருக்குப் பெரிது. “பட்டம் யாரு வேணா வாங்குவாங்க. மொதல்ல வாங்கினது இவதான்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துக்கிறான் பாரு” என்பார். மேகலா இப்போது ஓசூரில் வண்டி உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தகடு அழுத்தும் மெஷின்கள் இருக்கிற பிரஸ் ஷாப்பில் லைன் சூப்பர்வைசர்.

கேப்டன் வேஷம் கொடுக்கும்போதே ரத்தினவேல் தெளிவாகச் சொல்லிவிட்டார். “மூணு எபிசோடு பாப்போம் மேகலா. ஜனங்க ஏத்துக்கிட்டா நீதான் கேப்டன். ஏத்துக்கலன்னா கருந்துளையில இருந்து ஆதவன் திரும்ப வந்துருவாரு. சுரேந்தர் லீவு போட்டுட்டு வரத் தயாரா இருக்கான். வருத்தப்படக் கூடாது.”

மூன்றே மூன்று ஞாயிற்றுக்கிழமை.

முதல் ஞாயிறு முனிவேல் வீட்டில் பாதி ஊர் இருந்தது. பக்கத்து நிலத்துத் திம்மப்பன் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். திரையில் மேகலா கேப்டனின் நீல உடுப்பில் வந்து நின்றாள். கப்பலைக் கிளப்புவதற்கு முன்னால் வலது கையை நீட்டி, ஒவ்வொரு மீட்டரையும் ஆள்காட்டி விரலால் சுட்டிக் காட்டி உரக்கச் சொன்னாள். “எரிபொருள், சரி. காற்று, சரி. கதவுகள் மூன்று, சரி.” பிறகுதான் பொத்தானை அழுத்தினாள்.

“ஹுடுகி சென்னாகி மாடிதாளே!” என்று திம்மப்பன் தொடையைத் தட்டினார். பெண் நன்றாகச் செய்திருக்கிறாள் என்று அர்த்தம்; அவருக்குச் சந்தோஷம் வந்தால் கன்னடம்தான் வரும். “முனிவேலு, நம்ம மோட்டார் கொட்டாயில பண்றதுதானே இது?”

முனிவேல் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையாட்டினார்.

எல்லோரும் போன பிறகு கைபேசியில் இன்னொரு தடவை பார்க்க உட்கார்ந்தார். விரல் பட்டுத் திரை கீழே ஓடியதில், எழுத்துகள் வரிசை வரிசையாக வந்தன. ஆயிரத்துச் சொச்சம் பேர், ஆளுக்கொரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

“என்னா வெள்ளையம்மா இது? இவ்ளோ பேர் வந்து உக்காந்துக்கிறாங்க. ஒருத்தரும் என்னா ஏதுன்னு விசாரிக்கலியே!”

“யாரு வந்தாங்க?” என்று வெள்ளையம்மா வாசலை எட்டிப் பார்த்தாள்.

முனிவேலுக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்கியே இருக்கும், எழுத்துத் தட்ட வராது. உரக்கடைக்குத் தகவல் அனுப்ப, பேசினால் எழுத்தாகிற வசதியை மேகலா போட்டுக் கொடுத்திருந்தாள். அந்த மைக் படத்தை அழுத்தி, முதல் இலையிலிருந்து ஆரம்பித்தார்.

“கேப்டன் ஆதவன் எங்கே?” என்று ஒருவர் அழுகிற முகம் போட்டிருந்தார்.

“அவருக்குப் பூனாவுல வேலைங்க. நல்லா இருக்காரு. கவலைப்படாதீங்க” என்றார் முனிவேல்.

“இந்த மூஞ்சிக்குக் கேப்டன் வேஷமா?”

“எங்கம்மா சாடைங்க அது. எங்கம்மாவும் இப்படித்தான் இருப்பாங்க.”

“ஏன் ஒவ்வொண்ணா விரல் காட்டுது? கேப்டனுக்குக் கண்ணு தெரியாதா?”

“கண்ணு நல்லா தெரியுதுங்க. போன மாசம்தான் கம்பெனியில டெஸ்ட் பண்ணாங்க.”

“கேப்டன் பேசுறது தக்காளி மண்டியில ஏலம் கூவுற மாதிரி இருக்கு.”

இதைப் படித்ததும் முனிவேலுக்கு மனசு நிறைந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார். “ரொம்ப நன்றிங்க. நானும் தக்காளிதான் போட்டுக்கிறேன். ராயக்கோட்டை மண்டியில சிவராஜுன்னு ஒருத்தர் கூவுவாரு. நாலு லோடு தள்ளி நிக்கிறவனுக்கும் சுத்தமா கேக்கும். என் பொண்ணு பேச்சு அப்படி இருக்குதுன்னு நீங்க சொன்னதுக்கு ரொம்ப சந்தோஷம். இப்படிக்கு பரணியோட அப்பா, முனிவேல்.”

செவ்வாய்க்கிழமைக்குள் இருநூற்றுப் பதினான்கு பேரை விசாரித்து முடித்திருந்தார்.

புதன்கிழமை மேகலாவின் கம்பெனி பஸ் தாமதம். சானமாவுக் காட்டிலிருந்து யானை ரோட்டுக்கு வந்துவிட்டதாம். ஐந்து மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தவள் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

“அப்பா, போனைக் குடு.”

“ஏம்மா?”

“யார் யாருக்குப் பதில் போட்டுக்கிற?”

“எல்லாருக்கும்தான். இன்னும் நெறைய பேர் பாக்கி. காலையில தக்காளி பறிப்பு இருந்துச்சு, அதான் லேட்டு.”

மேகலா தன் கைபேசியை எடுத்துக் காட்டினாள். முனிவேல் எழுதியதை யாரோ படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். மேலே, ‘மண்டி கேப்டனும் அவங்க அப்பாவும்’ என்று தலைப்பு. கீழே சிரிக்கிற முகங்கள், எண்ணவே முடியாது.

“கேன்டீன்ல என் எதிர்லயே படிச்சிச் சிரிக்கிறாங்கப்பா. அவன் மண்டின்னு சொன்னது பாராட்டு இல்ல, கிண்டல்.”

“மண்டின்னு சொன்னா கிண்டலா?” முனிவேலுக்கு நிஜமாகவே புரியவில்லை. “அதுல கிண்டல் பண்ண என்னா இருக்குது?”

மேகலா ஷூவைக் கழற்றி மூலையில் எறிந்தாள். “உனக்குச் சொன்னா புரியாதுப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த பத்தாவது நிமிஷம் ரத்தினவேல் போன் செய்தார்.

“அண்ணாச்சி, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா சுரேந்தர் பூனாவுல நல்லா இருக்கான்னு சொல்லிட்டீங்களே! அவன் கருந்துளைக்குள்ள கிடக்கான்னு பத்து நாளா ஜனங்க அழுதுக்கிட்டு இருக்காங்க.”

“தெரியாம சொல்லிட்டேங்க. அழுவறாங்களேன்னுதான்…”

“இனிமே ஒரு எழுத்து போடாதீங்க. இன்னும் ரெண்டு எபிசோடுதான் இருக்கு. இப்பிடியே போச்சுன்னா மேகலாவ என்னால காப்பாத்த முடியாது. அப்புறம் அந்த விரல் காட்டுதது ஸ்கிரிப்டிலேயே இல்ல. பாப்பா கை தானா போயிருச்சு, நல்லா இருக்கேன்னு நானும் விட்டுட்டேன். அதையும் நிப்பாட்டச் சொல்லியிருக்கேன்.”

“சரிங்க” என்றார் முனிவேல். போனை வைத்த பிறகும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது ஞாயிறு வீட்டில் ஆள் குறைவு. திம்மப்பன் மட்டும் வந்தார். திரையில் மேகலா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கிளம்புகிற நேரம் வந்தது. ஒரு மீட்டரையும் பார்க்கவில்லை. “கிளம்பட்டும்” என்று சொல்லிப் பொத்தானைத் தட்டினாள், கேப்டன் ஆதவன் ஆறு வருஷமாகத் தட்டிய மாதிரியே. முனிவேலின் வலது கை தன்னையறியாமல் திரையிலிருந்த மீட்டர்களை நோக்கி நீண்டது. திம்மப்பன் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்கு வந்த கமெண்டுகள் முந்தியதைவிட மோசம். மரக்கட்டை மாதிரி நிற்கிறது என்றார்கள். ஆதவனைக் கூப்பிடுங்கள் என்று ஒரே வரியை நூறு பேர் எழுதினார்கள். முனிவேல் ஒவ்வொன்றாகப் படித்தார், ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. பந்தி நடந்துகொண்டிருக்கிறது, குறை சொல்கிறார்கள், விசாரிக்க வேண்டியவன் கையைக் கட்டிக்கொண்டு பந்தலுக்கு வெளியே நிற்கிறான். அப்படி ஒரு அவஸ்தையை அவர் அதுவரை பட்டதில்லை.

நடுவில் ஒன்று இருந்தது. கமலக்கண்ணன் என்று ஒருவர் எழுதியது.

“கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன். முதல் எபிசோடில் கேப்டன் பரணி ஒவ்வொரு மீட்டரையும் கை காட்டிச் சொல்லிவிட்டுக் கப்பலைக் கிளப்பினார். இரண்டாவதில் எதையுமே பார்க்காமல் கிளப்பிவிட்டார். எது சரி?”

யாரும் பதில் போடவில்லை. திங்கட்கிழமை போய்ப் பார்த்தார், இல்லை. செவ்வாய்க்கிழமை பார்த்தார், அப்போதும் இல்லை. கேள்வி அப்படியே இலை போட்டு உட்கார்ந்திருந்தது.

அந்த வாரம் மேகலாவுக்கு இரண்டாவது ஷிப்ட். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவளிடம் முனிவேல் மெதுவாக ஆரம்பித்தார்.

“ஒரே ஒருத்தருக்கு மட்டும் பதில் போட்டுக்கட்டுமா?”

“அப்பா!”

“இவரு குறை சொல்லலம்மா. கேள்வி கேட்டுக்கிறாரு. நீயே படிச்சிப் பாரு.”

மேகலா படித்தாள். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டு, அப்பாவின் வலது கையையே பார்த்தாள்.

வெள்ளையம்மா குறுக்கே வந்தாள். “எதுக்கு வம்பு? அந்த டைரக்டர் தம்பி வாணாம்னு சொல்லிக்கிறாரு இல்ல? இருக்கறதும் போயிடப் போவுது.”

“இப்படியே இருந்தாலும் போயிடும்மா” என்றாள் மேகலா. “கையைக் கட்டிக்கினு நான் நின்னேனே, அது நான் இல்ல. அது சுரேந்தர் அண்ணன் மாதிரி நிக்கப் பாத்தது. போறதுன்னா நானா இருந்துட்டுப் போறேன்.” அப்பாவிடம் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். “போடு. ஆனா என்னைத் தூக்கி வெச்சிப் பேசாத. நடந்ததை மட்டும் சொல்லு.”

முனிவேல் நிலத்துக்கு நடந்தார். தக்காளிக் கொடி கம்பு ஏறி, இரண்டாவது பறிப்புக்குக் காத்திருந்தது. மோட்டார் கொட்டாய்க்குள் நின்றார். சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். முதலில் மோட்டார் போட வேண்டும், பேச்சு அப்புறம். விரலை நீட்டினார். “ஒண்ணு, பெட்டிக் கதவு சாத்திக்கிது, சரி. ரெண்டு, மூணு லைட்டும் எரியுது, சரி. மூணு, வோல்ட்டு சரி. நாலு, வால்வு தெறந்துக்கிது, சரி. அஞ்சு, கை காஞ்சிக்கிது, கால்ல செருப்பு, சரி.” பச்சைப் பொத்தானை அழுத்தினார். தண்ணீர் குழாயில் ஏறுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று மைக் படத்தைத் தொட்டார்.

“ஐயா வணக்கம். நான் முனிவேல், பரணியோட அப்பா. போன வாரம் தெரியாம என்னென்னமோ எழுதிட்டேன், மன்னிச்சிக்கோங்க. இப்ப உங்க கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன். மொத எபிசோடுதான் சரி. என் பொண்ணுக்கு ஓசூர்ல பிரஸ் ஷாப்புல வேலை. அங்க மெஷினைத் தொடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் விரல் நீட்டிக் காட்டி வாயால சொல்லணும். கண்ணு பாக்கும், மனசு வேற எங்கியோ இருக்கும். விரலும் வாயும் சேந்தா மனசும் வந்துடும். எனக்கு இது தெரியாது. ரெண்டு வருசம் முன்னாடி ஐப்பசி மழை. ஈரக் கை. மோட்டார் பெட்டி தெறந்து கெடந்துச்சு, எலி ஒயரைக் கடிச்சி வெச்சிருந்துச்சு. நான் பாக்கல. தெனமும் அமுக்கற பட்டன்தானேன்னு அமுக்கிட்டேன். கரண்ட் தூக்கி வெளிய போட்டுடிச்சி. பொழச்சிக்கினேன், வலது கையில ரெண்டு விரல் நீளாது. இதையும் வாயால பேசித்தான் எழுதறேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கு என் பொண்ணு கொட்டாய் செவுத்துல அஞ்சு நம்பர் போட்டுக் குடுத்தா. அன்னியில இருந்து ஒரு நாள் விடாம கை காட்டிச் சொல்லித்தான் மோட்டார் போடறேன். பக்கத்து நெலத்துக்காரரு சாமிக்குக் கற்பூரம் காட்றியான்னு சிரிச்சாரு. இப்ப அவரு கொட்டாயிலயும் நம்பர் இருக்குது. கப்பல்ல நாப்பது பேர் இருக்காங்கன்னு கதையில சொல்றாங்க. நாப்பது உசுரை வெச்சிக்கினு, பாக்காம பட்டன் அமுக்கறது எனக்குத் தெரிஞ்சி கேப்டன் வேலை இல்லீங்க. அவ்ளோதான்.”

இரண்டு தடவை படித்துப் பார்த்தார். ஒரு பெருமை வார்த்தையும் இல்லை. அனுப்பிவிட்டு, கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கொடி கட்டப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கைபேசி விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. பயந்துகொண்டே திறந்தார்.

ஒரகடத்திலிருந்து ஒருவர்: “பிரஸ் ஷாப்பில் பதினோரு வருஷம். பத்து விரலும் இருக்கிறது. காரணம் இதுதான். கேப்டனுக்கு ஒரு சல்யூட்.”

ஈரோட்டிலிருந்து ரயில் ஓட்டுகிற ஒருவர்: “சிக்னலைக் கை காட்டி உரக்கச் சொல்லாமல் நாங்கள் வண்டியை எடுக்க மாட்டோம். முதல் எபிசோடைப் பார்த்ததுமே என் மனைவி, உங்க ஆளுங்கன்னு சொன்னாள்.”

யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருத்தி: “மருந்து குடுக்கிறதுக்கு முதல் நாங்களும் பேரை வாய்விட்டு வாசிச்சுத்தான் குடுப்பம். ஐயா, கை இப்ப சுகமோ?”

கத்தாரில் கிரேன் ஓட்டுகிறவர், கோயம்புத்தூர் வார்ப்படப் பட்டறைக்காரர், ராணிப்பேட்டையில் பாய்லர் பார்க்கிறவர். இதுவரை கமெண்ட் என்று ஒன்று போட்டே பழக்கமில்லாத ஆட்கள். ஏழு வருஷமாகச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஒவ்வொருவராக வந்து தன் வேலையைச் சொல்லி, தன் கையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் மேலே கமலக்கண்ணன் எழுதியிருந்தார். “ஐயா, பதிலுக்கு நன்றி. நான் பள்ளிக்கூட வாத்தியார். நாளைக்கு லேபில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்.”

முனிவேல் எதற்கும் பதில் போடவில்லை. ஒரே ஒருத்தருக்குத்தான் மகளிடம் அனுமதி கேட்டு வாங்கியிருந்தார்.

வியாழக்கிழமை காலையில் ரத்தினவேல் பைக்கில் நேரிலேயே வந்து இறங்கினார். வாசலில் தக்காளிக் கிரேட் அடுக்கிக்கொண்டிருந்த முனிவேலுக்குக் கை கால் ஓடவில்லை.

“தப்புதாங்க. எழுத்து போடக் கூடாதுன்னு சொன்னீங்க. போட்டுட்டேன்.”

“அண்ணாச்சி, உக்காருங்க மொதல்ல.” ரத்தினவேல் ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தானும் உட்கார்ந்தார். “பதினஞ்சு வருசமா டூல் ரூம்ல தினமும் நானே கை காட்டிச் சொல்லித்தான் கிரைண்டர ஆன் பண்ணுதேன். எழுத உக்காரும்போது மட்டும் அது மறந்து போச்சு. கேப்டன்னா இப்படித்தான் நிப்பான்னு எவனோ எடுத்த படத்தப் பாத்து எழுதிட்டேன். இந்தப் பிள்ளை செஞ்சத நாந்தான் நிப்பாட்டினேன்.” கழுத்தைத் தடவிக்கொண்டார். “சனிக்கிழம பர்கூர்ல ஷூட்டிங். நீங்களும் வாங்க.”

“நான் எதுக்குங்க? நடிக்கத் தெரியாதே.”

“நடிக்க வேண்டாம் அண்ணாச்சி. பாத்துட்டுச் சொல்லுங்க, போதும்.”

சனிக்கிழமை குவாரிக்குள் இறங்கியபோது, நாலு பக்கமும் வெட்டிய கல் ஆளுயரம் ஆளுயரமாக மேலே போயிருந்தது. அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கி நின்றது. கதைப்படி அது ஒரு செத்துப்போன கிரகம். தரையிறங்கிய சிறு கலத்தைத் திரும்பக் கிளப்ப வேண்டும், காற்று பத்து நிமிஷத்துக்குத்தான் இருக்கிறது. பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்பதால் பார்க்காமல் கிளப்பலாம் என்கிறான் ஒருவன். கேப்டன் பரணி மாட்டேன் என்கிறாள். அவள் கை நீட்டிச் சொல்ல, கூட இருக்கிற ஆறு பேரும் கை நீட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும்.

“காற்றழுத்தம்!” என்றாள் மேகலா. குரல் கல்லில் மோதித் திரும்பியது. நாலு லோடு தள்ளி நிற்கிறவனுக்கும் கேட்கிற குரல்.

“சரி!” என்றார்கள் ஆறு பேர்.

“எரிபொருள்!”

“சரி!”

“கதவு!”

“சரி!”

“வெப்பக் கவசம்!”

“சரி!”

ஐந்தாவதைச் சொல்வதற்குள் ஓரத்தில் நின்ற பையன் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோய்விட்டான்.

“ஏய், ஏய்! அஞ்சாவது பாக்கி இருக்குதுப்பா!” என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து முனிவேல் கத்திவிட்டார்.

எல்லோரும் திரும்பினார்கள். முனிவேல் வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் சிரித்தது மேகலாதான். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை.

“இதான் வேணும்” என்றார் ரத்தினவேல். “இன்னொரு டேக் போலாம். அஞ்சாவது வரைக்கும் ஒருத்தன் கையும் நகரக் கூடாது. நகந்தா அண்ணாச்சி சத்தம் போடுவாரு.”

மூன்றாவது ஞாயிறு. வீட்டில் உட்கார இடமில்லை. மேகலாவும் விடுமுறையில் வீட்டில் இருந்தாள். சமையலறைக் கதவோரம் நின்று பார்த்தாள். ஐந்தும் சொல்லி முடித்து கலம் எழும்பியபோது திம்மப்பன் மட்டுமில்லை, மொத்த வீடும் “சரி!” என்றது.

பன்னிரண்டு மணிக்கு முதலில் வந்த பெரிய கமெண்ட் புனேவிலிருந்து. எழுதியவர் சுரேந்தர்.

“ஆறு வருஷம் ஒரு மீட்டரையும் பார்க்காமல் இந்தக் கப்பலைக் கிளப்பியிருக்கிறேன். நல்லவேளை, அது தெர்மோகோல். கருந்துளைக்குள் எனக்கு ஒரு குறையும் இல்லை, என்னை யாரும் இழுக்க வேண்டாம். கேப்டன் பரணி, கப்பல் உங்களுடையது.”

ஒரு மணிக்கு ரத்தினவேல் சேனலில் இரண்டு வரி போட்டார். ஆதவன் திரும்பி வர மாட்டார். துருவனின் கேப்டன் இனிமேல் பரணி.

வெள்ளையம்மா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வந்தவங்களுக்கு டீ போடணும்” என்று உள்ளே போனாள். முனிவேல் எழுந்து, டிவிக்கு மேலே மாட்டியிருந்த முதல் பட்டதாரிச் சான்றிதழை நேராக்கி வைத்தார். அது நேராகத்தான் இருந்தது என்று திம்மப்பன் பிறகு சொன்னார்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆதவன் இல்லாமல் பார்க்க மாட்டேன் என்று சிலர் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். மூன்று மணி வாக்கில் முன்பு ‘தக்காளி மண்டி’ என்று எழுதியவரும் வந்தார். “இப்பவும் மண்டி மாதிரிதான் இருக்கு. ஆனா குவாரியில அந்தக் குரல் இல்லன்னா ஆறு பேருக்கும் காது கேட்டிருக்காது. ஒத்துக்கறேன்.”

முனிவேல் கைபேசியை மகளிடம் நீட்டினார். “இவருக்கு மட்டும் ஒரு வார்த்தை…”

மேகலா படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். “இவருக்கு மட்டும் எதுக்கு? எல்லாருக்கும் போடு. சுரேந்தர் அண்ணன் அட்ரஸை மட்டும் குடுத்துடாத.”

“நெஜமாவா?”

“கேப்டன் சொல்றேன்ப்பா. போ.”

முனிவேல் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வீட்டுக்குள் உட்கார்ந்து போன் பார்க்கத் துண்டு எதற்கு என்று வெள்ளையம்மா கேட்டாள். அவர் காதில் விழவில்லை. இரண்டாயிரத்து நானூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மைக் படத்தைத் தொட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் ஆளிடம் போனார்.

“வாங்க, வணக்கம். நான் கேப்டனோட அப்பா.”